கொப்பியின் கடைசிப் பக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் பதினெட்டு வருடங்களாகப் பாடசாலை வான் ஓட்டுகிறேன். பிள்ளைகளுக்கு நான் வான் மாமா.

தரம் 9 பையன் ஒருவன் மூன்று நாட்கள் தொடர்ந்து சாப்பாட்டுப் பெட்டி இல்லாமல் ஏறினான். "மறந்துவிட்டேன் மாமா" என்றான். நம்பினேன், என் மடைத்தனம். நான்காம் நாள் பையின் வாரும் அறுந்திருந்தது. பெரிய வகுப்புப் பையன்களின் வேலை. அழுதுகொண்டு ஆசிரியரிடம் சொன்னானாம். "விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள்" என்று அனுப்பிவிட்டார்.

காலி வீதி நெரிசலில் நின்றபோது அவனிடம் சொன்னதையே, பாடசாலையில் இப்படித் துன்புறுத்தப்படும் உங்களுக்கும் சொல்கிறேன். கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள். "எப்போதும் அடிக்கிறார்கள்" என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். "செவ்வாய், இடைவேளை, தண்ணீர்க் குழாயடி, இரண்டு பேர், பையை இழுத்தார்கள், வார் அறுந்தது" என்று எழுதுங்கள். பெயர்கள், பக்கத்தில் நின்றவர்கள், சொன்ன கெட்ட வார்த்தை, எல்லாம் அப்படியே. அம்மா வாரைத் தைப்பதற்கு முன்பு படம் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஏச்சை, எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், அழிக்காதீர்கள்.

பிறகு அதைப் பார்த்து அதிபருக்குக் கடிதம். பெற்றோர் கையொப்பமிட்டு இரண்டு பிரதிகள் கொண்டுபோகட்டும். ஒன்றில் திகதியோடு "கிடைத்தது" என்று கையொப்பம் வாங்கட்டும். வாசலில் நின்று மற்றப் பையனின் தாயோடு சண்டை பிடிப்பதால் ஒன்றும் நடவாது.

காயமென்றால் முதலில் வைத்தியசாலை. வைத்தியரிடம் "படியில் விழுந்தேன்" என்று பொய் சொல்லாதீர்கள்.

திருப்பி அடி என்று அப்பாமார் சொல்வார்கள். என் அப்பாவும் சொன்னார், நானும் அடித்தேன். பாடசாலை ஒரு வாரம் வீட்டில் இருக்க வைத்தது என்னைத்தான்.

பார்த்துக்கொண்டு நின்றவரா நீங்கள்? கைபேசியை உள்ளே வையுங்கள். அடிபட்டவனின் பையைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைவரை கூடப் போங்கள், போதும்.

பாடசாலை அசையவில்லையா? 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேசவேண்டும் என்று கேளுங்கள். பெற்றோருக்குச் சொல்லத் தயங்குகிறவர்களும் அழைக்கலாம்.

அந்தப் பையனின் கொப்பியில் நான்கு பதிவுகளுக்கு மேல் போகவில்லை. மிச்சப் பக்கத்தில் இப்போது கிரிக்கெட் ஓட்டக் கணக்கு இருக்கிறது.