வளையத்தை எண்ணினால் வயதுதான் வரும், ஆண்டு வராது

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றை இடிக்கிறார்கள் என்று வையுங்கள். மாடிக்கு அடியில் கிடந்த தேக்கு உத்திரத்தை அறுத்தால், வெட்டு முகத்தில் வளையங்கள் பளிச்சென்று தெரியும். யாராவது நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணி 120 என்பார். எந்த ஆண்டில் தொடங்கி 120? அதற்கு எண்ணிக்கையில் விடை இல்லை. உயிரோடு நிற்கும் மரத்தில் பட்டையை ஒட்டிய வளையம் எந்த ஆண்டுக்குரியது என்று தெரியும், அங்கிருந்து பின்னோக்கி எண்ணலாம். அறுத்த கட்டைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அதன் ஒடுங்கிய, அகன்ற வளையங்களின் வரிசையை ஆண்டு உறுதியான இன்னொரு வரிசையோடு ஒட்டிப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் வானியலாளர் டக்ளஸ் செய்தது இதுதான். உயிரோடு நின்ற மரங்களிலிருந்து ஆண்டு உறுதியான ஒரு வரிசை அவரிடம் இருந்தது. பழங்குடிக் கட்டடங்களின் மரங்களோ தனி வரிசையாக ஆண்டில்லாமல் கிடந்தன. 1929ல் கிடைத்த ஒரு கருகிய உத்திரம் இரண்டு வரிசைகளையும் இணைத்தது.

50 வளையங்களுக்குக் குறைந்த கட்டையைப் பொருத்த முயலாதீர்கள். குட்டை வரிசை பல இடங்களில் தற்செயலாகப் பொருந்தும்.

அடுத்த தவறு, மரத்தைப் பார்க்காமலே வளையத்தை நம்புவது. பனைக்கும் தென்னைக்கும் ஆண்டு வளையமே கிடையாது. பழைய இலக்கண உரைகாரர்கள் அவற்றைப் புறக்காழ் என்று சொல்லிப் புல்லில் சேர்த்தது இங்கேயும் சரியாக வருகிறது. கடலூர்ப் பக்கம் எங்கும் நிற்கும் சவுக்கில் தெரியும் கோடுகள் ஆண்டுக்கு ஒன்று என்று நம்பத் தக்கவை அல்ல. பிச்சாவரத்துச் சதுப்பு நிலத்தில் வளரும் வெண்கண்டல் மரம் இன்னும் ஏமாற்றும்: அதில் மரத்தைத் தடிக்க வைக்கும் வளர்படலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிது புதிதாக உருவாவதால் வளையம் போன்ற பட்டைகள் விழும், ஆண்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. திருவக்கரையின் கல்மரங்களோ சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. அவற்றை வளையத்தால் கணக்கிட நினைப்பதே வீண். நம் பக்கம் நம்பிக்கையோடு கையில் எடுக்கக்கூடியது தேக்கு.

தேக்கிலும் போலி வளையம் வரும். மழை நடுவில் நின்று மறுபடி பிடித்தால் மரம் ஒரே ஆண்டில் இரண்டு கோடு போடும். ஆடி ஆவணியில் கொஞ்சம், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை என்று போகும் இந்தக் கடற்கரையில் அதற்கு வாய்ப்பு அதிகம். உருப்பெருக்கிக்கு அடியில் பாருங்கள். வெட்டு முகத்தில் தெரியும் துளைகள் மரத்தின் நீர்க்குழாய்கள். உண்மையான எல்லையில் சின்னச் சின்னத் துளைகள் முடிந்த இடத்தில் சட்டென்று பெரிய துளைகளின் வரிசை தொடங்கும், அந்த வரிசை கட்டையைச் சுற்றி முழுதாக ஓடும். போலியில் துளைகள் இரு பக்கமும் மெதுவாக அளவு மாறும், பாதி வட்டத்தில் கோடு கரைந்துவிடும். கடும் வறட்சியில் ஒரு பக்கம் வளையமே விழாமல் போவதும் உண்டு. அதனால்தான் ஒரு மரத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு மாதிரி, ஓர் இடத்தில் குறைந்தது 20 மரம் என்று எடுக்கிறார்கள்.

மாதிரி எடுக்க, நிற்கும் மரத்துக்கான கைத்துளைப்பானைக் காய்ந்த உத்திரத்தில் திருகினால் துளைப்பான்தான் உடையும். அதற்கு மின்துளைக் கருவியில் மாட்டும் உலர்மரக் குழாய்முனை தேவை. துளைத்து எடுத்த குச்சி போன்ற மாதிரியைத் தாங்குகட்டையில் ஒட்டும்போது நார் செங்குத்தாக நிற்க வேண்டும், படுத்துவிட்டால் எல்லை மறைந்துவிடும். உப்புத்தாள் 120, 240, 400, 600 என்று படிப்படியாகப் போகட்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் அப்படியே நிற்கும், அளக்கும்போது அதுவும் வளையமாகத் தெரியும்.

உத்திரத்தில் அதிகம் சறுக்குவது கடைசி வளையத்தில்தான். தச்சர் பட்டையை ஒட்டிய மென்மையான வெளிறை முழுதாகச் செதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தை மட்டும் வைப்பார். அப்போது கிடைப்பது வெட்டிய ஆண்டல்ல, ‘இதற்குப் பிறகுதான் வெட்டினார்கள்’ என்ற கீழ் எல்லை மட்டுமே. பட்டை ஒட்டியிருந்தாலும் பர்மா தேக்கில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பச்சைத் தேக்கு மிதக்காது என்பதால் அடிமரத்தைச் சுற்றி வெட்டிச் சாகவிட்டு, சுமார் 3 ஆண்டு நின்றபடியே காய்ந்த பிறகுதான் சாய்த்தார்கள். வளர்ச்சி நின்றது சுற்றி வெட்டிய ஆண்டில். பிறகு ஆற்றில் மிதந்து, கப்பலேறி, கரை சேர்ந்து, வீடு கட்டிய ஆண்டு அதற்கும் பின்னால். பர்மாவிலிருந்து வந்த அந்தக் கட்டையைக் கேரளத் தேக்குகளின் வளைய வரிசையோடு ஒட்டிப் பார்ப்பதும் தவறு.

பழைய மரத்தை மறுபடி பயன்படுத்துவதும் இங்கே வழக்கம். 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தள்ளினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு காட்டும் உத்திரம் அந்த வீட்டின் வயதைச் சொல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பயன்படாத பழைய பொருத்துத் துளை, பொருளில்லாத இடத்தில் ஆணி ஓட்டை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றல்ல, நான்கைந்து உத்திரங்கள் ஒரே ஆண்டைச் சுற்றி முடிந்தால் நம்பலாம்.

வளையத்தை வைத்துப் பழைய மழையைப் படிப்பதில் வரும் தவறு வேறு வகை. கேரளத் தேக்குகளிலிருந்து தொகுத்த 523 ஆண்டு வரிசை (1481–2003) தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளை ஒடுங்கிய வளையங்களாகக் காட்டுகிறது. கடலூருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். அந்த வளையத்தை வைத்துக் கடலூரின் கார்த்திகை மழையைப் படிக்கக் கூடாது. இன்னொன்று: மரம் முதிர முதிர வளையம் தானாகவே ஒடுங்கும். அந்த வயதுச் சரிவை நீக்காமல் வரைந்தால் எந்தக் காடும் ஒரே வறட்சியில் முடியும். அளவுக்கு மீறி நீக்கினாலோ உண்மையான நீண்ட வறட்சியும் சேர்ந்து போய்விடும். மழைப்பதிவில் பாதியை வைத்து வளைய அகலத்தையும் மழையையும் இணைக்கும் சமன்பாடு அமைத்து, மறுபாதியில் சோதித்துப் பார்க்காத முடிவை ஏற்க வேண்டாம்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேடு சுமார் 2000 ஆண்டுப் பழமை. 1481ல் தொடங்கும் வரிசை அங்கே எட்டாது, கரியில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் கணிக்கும் கார்பன் 14 முறைதான் வழி. அங்கேயும் கரித்துண்டின் எந்தப் பகுதியை அனுப்புகிறோம் என்பது முக்கியம். 200 வளையமுள்ள மரத்தின் நடுப்பகுதிக் கரி, மரம் வெட்டியதற்கு 200 ஆண்டு முன்னைய காலத்தையே தரும். வெளி வளையத்தையோ, அதே அடுக்கில் கிடைத்த நெல்லையோ அனுப்புங்கள். வளையம் தெளிவாக இருந்தால் 10 வளையத்துக்கு ஒன்றாகப் பல மாதிரி எடுத்து, கார்பன் 14 அளவை ஆண்டாக மாற்ற உதவும் வளைகோட்டில் பொருத்தினால் காலம் நன்றாகக் குறுகும். ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து ஈர மரம் வந்தால் வெயிலில் வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் வெடித்துச் சுருண்டுவிடும், பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது. ஈரத்தோடே பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி, வெளி விளிம்பு எந்தப் பக்கம் என்று சீட்டில் எழுதி, நிழலில் குளிர்ச்சியாக வையுங்கள்.