மீன் வண்டி சாப்ட்வேரில் யாருக்கு என்ன அனுமதி கொடுப்பது?

மீன் ஏற்றுகிற வண்டி எங்கே போகிறது, டிரிப், டீசல், வாடகை எல்லாம் பதிவாகிற சாப்ட்வேருக்கு எங்கள் ஷெட்டில் ரொம்ப நாள் ஒரே அட்மின் பாஸ்வேர்டுதான், ஒரு சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தோம். ஒரு மாதம் டீசல் கணக்கு உதைத்தது. யாரோ பழைய பதிவைத் திருத்தியிருந்தார்கள், எல்லாரும் ஒரே பெயரில் உள்ளே போனதால் யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. சந்தேகம் நேராக டிரைவர் மேல் போனது, அவர் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வண்டியின் நம்பரை ஆபீஸில் மாற்றிப் போட்டிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் முதல் வேலை, ஆளுக்கு ஒரு லாகின். ஐந்து வண்டி வைத்திருந்தாலும் சரி.

அடுத்தது, உறவைப் பார்த்து அனுமதி கொடுக்காதீர்கள். மச்சான் நம்ம ஆளுதான், ஆனால் அவர் தினமும் செய்கிற வேலைக்கு எது வேண்டுமோ அதுதான் அவருக்கு. ஒரு தாளை எடுத்து, பாம்பனில் ஏலம் முடிந்து ஐஸ் போட்டுப் பெட்டி ஏறுவதிலிருந்து வியாபாரியிடம் பணம் வரும் வரைக்கும் யார் யார் எதைத் தொடுகிறார்கள் என்று எழுதுங்கள். அப்போது தெரியும், பார்ப்பது, சேர்ப்பது, திருத்துவது, அழிப்பது என்ற நான்கும் வேறு வேறு அனுமதி என்று. லோடு எழுதுகிறவர் புது டிரிப் திறக்க வேண்டும், வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும், பழைய டிரிப்பை அழிக்கிற வேலை அவருக்கு இல்லவே இல்லை. டிரைவருக்குத் தன் வண்டியும் தன் டிரிப்பும் தெரிந்து, டீசல் பில்லைப் போட்டோ எடுத்து ஏற்ற முடிந்தால் போதும். மெக்கானிக்குக் கிலோமீட்டர், சர்வீஸ், டயர். கணக்குப் பார்ப்பவருக்கு பேட்டா, ஃபாஸ்டேக், வாடகை எல்லாம் வேண்டும்தான், ஆனால் மாதக் கணக்கை மூடிய பிறகு திருத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள். தொண்டியில் ஒரு ஷெட், மண்டபத்தில் ஒரு ஷெட் என்றால் வண்டிகளை இரண்டு குரூப்பாகப் பிரித்து, அந்தந்த ஷெட் ஆளுக்கு அந்தந்தக் குரூப்பை மட்டும் காட்டலாம்.

எக்செல்லாக இறக்குகிற அனுமதியைச் சாதாரணமாக நினைத்து எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறோம். உங்கள் வியாபாரிகள் யார், யாருக்கு என்ன ரேட் என்கிற பட்டியல் முழுவதும் ஒரே சொடுக்கில் வெளியே போய்விடும். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

ஆனால் நான் ரொம்பப் பயப்படுவது என்ஜினை ஆபீஸிலிருந்தே நிறுத்துகிற வசதிக்குத்தான். வண்டி திருடு போனால் உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராமேஸ்வரம் தீவுக்குச் சாலை வழி என்று இருப்பது 1988-இல் திறந்த அந்த ஒரே பாலம்தான், அதன் மேல் லோடு வண்டி நின்றால் பின்னால் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் சேர்ந்து நிற்கும், பெட்டியில் ஐஸ் உருகும். ஓடுகிற வண்டியை அப்படி நிறுத்துவது டிரைவரின் உயிரோடு விளையாடுவது. இந்த அனுமதி முதலாளி ஒருவருக்கு மட்டும், அதுவும் ஓடிபி கேட்கும்படி வையுங்கள், வண்டி நின்ற பிறகுதான் வேலை செய்யும் என்ற அமைப்பு இருந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள்.

கொச்சி வியாபாரி வண்டி எங்கே என்று கேட்டால் லாகின் கொடுக்காதீர்கள். அந்த டிரிப்புக்கு மட்டும் காட்டுகிற, சில மணி நேரத்தில் காலாவதியாகிற லிங்க் அனுப்புங்கள்.

அட்மின் ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டுகிற கருவியை மாட்ட வந்தவர் தன் நம்பரைக் கொடுத்து அப்படியே விட்டுப் போயிருக்கலாம். முதலாளி போன் தொலைந்தாலும் வேலை நிற்காமல் இருக்க இன்னொரு அட்மின் இருக்கட்டும், இருவருக்கும் தனித்தனிப் பெயரில்.

அனுமதி போட்டு முடித்ததும் அந்த ஆளின் போனிலேயே அவரையே திறக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நம் திரையில் சரியாகத் தெரிவது அங்கே வேறு மாதிரி இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில் ஆட்கள் மாறுவார்கள், சிலர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். பட்டியலைச் சரிபார்க்க நல்ல நேரம் அது. போனவர் லாகினை அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள், அப்போதுதான் அவர் போட்ட பழைய பதிவுகளில் அவர் பெயர் அப்படியே நிற்கும்.