கிளிநொச்சியிலிருந்து திருகோணமலை: மாகாண எல்லை தாண்டி ஒருநாள் பயணம் திட்டமிடும் முறை

போக ஏறக்குறைய 175 கிலோமீற்றர். வடக்கில் வெளிக்கிட்டு, வடமத்திய மாகாணத்தைக் குறுக்கறுத்து, கிழக்கில் இறங்க வேண்டும். வன்னிக்குள் மட்டும் ஓடிப் பழகியவர்கள் முதலில் தடுமாறுவது பாதைத் தெரிவில்தான்.

1. பாதையை முடிவு செய்யுங்கள்

வரைபடத்தைப் பார்த்தால் முல்லைத்தீவு, கொக்கிளாய், புல்மோட்டை என்று கரையோரமாகப் போவதுதான் கிட்ட என்று தோன்றும். அதை நம்பி வான் எடுக்காதீர்கள். கொக்கிளாயில் களப்பு கடலோடு சேர்கிற முகத்துவாரம் குறுக்கே கிடக்கிறது. ஆள் படகில் கடக்கலாம், வாகனம் கடக்காது. வந்த வழியே திரும்பினால் அரைநாள் போய்விடும்.

சரியான வழி: ஏ9 வீதியில் வவுனியா (ஏறக்குறைய 75 கி.மீ.), அங்கிருந்து ஏ29 வீதியில் கெப்பித்திகொல்லாவ ஊடாக ஹொரவப்பொத்தானை, பிறகு ஏ12 வீதியில் திருகோணமலை.

திரும்பும் இடங்கள் இரண்டுதான். வவுனியா நகருக்குள் ஹொரவப்பொத்தானை வீதிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். தவறவிட்டு ஈரப்பெரியகுளம் வந்துவிட்டால் நீங்கள் இன்னும் ஏ9 இல்தான் நிற்கிறீர்கள், திருப்புங்கள். ஹொரவப்பொத்தானைச் சந்தியில் மறுபடியும் இடப்பக்கம். வலப்பக்கம் போனால் அனுராதபுரம். சந்தேகம் வந்தால், "திரிகுணாமலயட்ட யன பார கோகத?" (திருகோணமலைக்குப் போகும் பாதை எது?) என்று சிங்களத்தில் கேளுங்கள், கை காட்டிவிடுவார்கள்.

2. பத்திரங்கள்

சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமானவரிப் பத்திரம், காப்புறுதி, எல்லோரின் அடையாள அட்டை. வடமாகாணத்தில் எடுத்த வரிப்பத்திரம் நாடு முழுக்கச் செல்லும். திகதி முடியாமல் இருந்தால் போதும். ஊரவர் சேர்ந்து தனியார் பஸ் பிடிப்பதென்றால், வழித்தடம் தாண்டி ஓட அதற்குத் தற்காலிக அனுமதி வேண்டும். உரிமையாளர் எடுத்துவிட்டாரா என்று முற்பணம் கொடுக்க முன்னமே கேளுங்கள்.

3. எரிபொருள், ரயர்

போய்வர 350, உள்ளூர் ஓட்டத்துக்கு 50, ஆக 400 கி.மீ. லீற்றருக்கு 12 கி.மீ. ஓடும் காருக்கு 34 லீற்றர் வரை போகும்; 10 ஓடும் வானுக்கு 40. வவுனியாவில் நிரப்பிக்கொண்டு போங்கள், காட்டுப் பாதையில் செட் தேடி ஓடக்கூடாது. ஸ்பெயார் ரயரைக் கண்ணால் பார்த்தால் போதாது, முதல்நாளே காற்று அடித்துப் பாருங்கள். ஜக்கும் வீல் ஸ்பானரும் வாகனத்துக்குள் இருக்கட்டும்.

4. நேரம்

காலை 5.45க்கு வெளிக்கிட்டால் வெளிச்சத்திலேயே ஓடலாம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்க 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டாலும் அது போகத்தான் போகிறது. 7.30க்கு வவுனியாவில் சாப்பாடு, 8.15க்குப் புறப்பாடு, 10.30க்குள் கோணேசர் கோயில். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே கடற்கரையைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஏ12 பக்கம் இருப்பதால் திரும்பும்போது பாருங்கள். கைபேசியில் அவசரத்துக்குக் கிண்ணியா என்று அடித்துவிட்டால் அது நகருக்குத் தெற்கே, குடாவுக்கு மற்றப்பக்கம் கொண்டுபோய் விடும்.

மூன்று மணிக்கு மேல் திருகோணமலையில் நிற்க வேண்டாம். ஐந்து மணியளவில் வவுனியாவைப் பிடிக்க வேண்டும். ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு, இருட்டினால் வளைவில் நிற்பது தெரியாது. யானை கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள், அது கடக்கும்வரை பொறுங்கள். ஏ9 இல் பயம் வேறு: இரவில் தார் சூட்டுக்கு மாடுகள் நடு வீதியில் படுத்திருக்கும். நேர் வீதி என்று அழுத்தாதீர்கள், காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70தான்.

5. காலம்

மே முதல் செப்ரெம்பர் வரை நல்லது, கடலும் அமைதி. கார்த்திகை, மார்கழியில் குளங்கள் நிரம்பி வழிந்து வீதியை மூடும். அந்த மாதங்களில் வெளிக்கிட முன் 117க்கு அடித்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் வீதி நிலைமை கேளுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.