வழி விட்ட பிறகும் ஒரு வண்டி பின்னாலேயே வந்தால்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலையிலுள்ள செண்பகனூருக்கு அம்மாவை ஆல்டோவில் வைத்து நானேதான் ஓட்டி வருவேன். போன மார்கழியில், இருட்டிய நேரம், டம்டம் பாறை தாண்டி ஒரு வளைவில் பின்னால் வந்த பெரிய வண்டிக்கு நான் வழி விடவில்லை. விட இடமில்லை, எதிரே லாரி இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஹைபீமைப் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்து, பம்பரை முட்டுகிற மாதிரி வந்தான்.

இந்த மாதிரி ஆளுக்கு முதலில் வழியை விட்டுவிடுங்கள். அகலமான இடம் வந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்குங்கள். முறைக்க வேண்டாம், கை காட்ட வேண்டாம். பெரும்பாலும் முந்திக்கொண்டு போய்விடுவார்கள். அன்று நான் ஒதுங்கினேன். அவனும் வேகத்தைக் குறைத்து என் பின்னாலேயே நின்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான். வழி கிடைத்தும் போகாதவனுக்கு வேண்டியது வழி அல்ல, நீங்கள்.

அதன் பிறகு கண்ணாடியை ஏற்றி, கதவுகளைப் பூட்டி, உங்கள் வேகத்திலேயே ஓட்டுங்கள். தப்பிக்க நினைத்து மலையில் விரட்டினால் அவனைவிட வளைவு ஆபத்து. இறங்கும்போது என்றால் இரண்டாம் கியரை விடாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பின்னால் அடிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசினால், உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தட்டுங்கள், மங்கிவிடும்.

வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். வாசலைக் காட்டிக்கொடுத்தால் நாளைக்கும் வருவான். வியூ பாயிண்டிலும் நிறுத்தக் கூடாது, இரவில் அங்கே ஈ காக்கை இருக்காது. காவல் நிலையம், செக்போஸ்ட், பெட்ரோல் பங்க், டீக்கடை என்று ஆள் இருக்கும் இடமாகப் பாருங்கள். எனக்கு ஊத்து என்ற ஊரைத் தாண்டி ஓர் அரசு பஸ் கிடைத்தது. பெருமாள்மலை வரை அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன்.

அங்கே கடை வெளிச்சத்தில், எஞ்சினை அணைக்காமல், முன்னால் நின்ற வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுவது தெரிகிற அளவு இடைவெளி விட்டு நிறுத்தினேன். அந்த இடைவெளி இருந்தால் ரிவர்ஸ் எடுக்காமலே ஒடித்து வெளியேறலாம். அவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். "கண்ணாடிய இறக்காத பாப்பா, ஹாரன அடி" என்றாள் அம்மா. விடாமல் அடித்தேன். பஸ் கண்டக்டரும் டீக்கடை அண்ணனும் ஓடி வந்தார்கள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே போய்விட்டான்.

கூட ஆள் இருந்தால் போனை அவர்களிடம் கொடுத்து 112-க்கு அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் அடித்துப் பாருங்கள். வேறு கம்பெனி டவர் வழியாகவும் அந்த அழைப்பு போகும். எந்த ஊரைத் தாண்டினீர்கள், மேலே போகிறீர்களா கீழேயா, வண்டி எண் என்ன, இதை முதலில் சொல்ல வேண்டும். அம்மா அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையிலிருந்த ஸ்கேன் ரிப்போர்ட் கவரின் மேல் எழுதிவிட்டாள். கை நடுங்கி, 7 என்பது 1 மாதிரி விழுந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

மறுநாள் அந்தக் கவரோடு போய்ப் புகார் கொடுத்தேன். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351-வது பிரிவு, வழிமறித்தால் 126, தாறுமாறாக ஓட்டினால் 281. "எங்க எல்லை இல்லை" என்று யாராவது சொன்னால், எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173-வது பிரிவு சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள்.