காத்மாண்டுவிலிருந்து நகர்கோட்டுக்கு நடந்தே போய் ஓர் இரவு தங்குவது எப்படி?

முக்திநாத், பசுபதிநாத் என்று நேபாளம் வருகிற நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் காத்மாண்டுவில் எப்படியும் இரண்டு நாள் மிச்சம் விழும். அதைத் தமெல் கடைத்தெருவில் சால்வைக்குப் பேரம் பேசியும் கழிக்கலாம். கொஞ்சம் நடக்கத் தயார் என்றால், சாங்கு நாராயண் கோயிலிலிருந்து மலை முகடு வழியாக நகர்கோட் வரை நடந்து, இரவு அங்கே தங்கி, காலையில் பனிமலைகளைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நகர்கோட்டின் உயரம் சுமார் 2,195 மீட்டர், ஏறக்குறைய நம் ஊட்டி அளவுதான். அதனால் மூச்சுத் திணறல், உயர நோய் என்று பயப்பட வேண்டாம். கூடாரமும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். இந்தப் பாதை தேசியப் பூங்கா எதற்குள்ளும் போகாததால் டிரெக்கிங் பெர்மிட்டும் தேவையில்லை.

நடை சுலபம். மலை கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் கஷ்டமான பகுதி. அதில் முக்கால்வாசி நீங்கள் நடக்கத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே முதலில் அது.

மாதமும் அறையும்

அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் கடைசி வரை வந்தால் நல்லது. பருவமழை வானத்தைக் கழுவிவிட்டிருக்கும். டிசம்பர், ஜனவரியிலும் மலை தெளிவாகத் தெரியும், ஆனால் குளிர் பற்களைத் தந்தியடிக்க வைக்கும். மார்ச் முதல் மே வரை தூசும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து எதிரே வெள்ளைத் திரை போட்டிருக்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் அதிர்ஷ்டம் அடிக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமும் அட்டைப்பூச்சிகளும்தான். அந்த மாதங்களில் விடுமுறை கிடைத்தால் வழியிலிருக்கும் பழைய நகரமான பக்தபூரோடு நின்றுகொள்ளுங்கள்.

அடுத்தது அறை. நகர்கோட் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் ஊர் அல்ல. ஒரு நீண்ட முகட்டில் ஹோட்டல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆன்லைனில் ‘நகர்கோட்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டினால், நடந்து களைத்த பிறகு இருட்டில் இன்னும் 3 கி.மீ. போக வேண்டி வரலாம். வரைபடத்தில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து, அதற்கு வடக்கே நடந்து போகும் தூரத்தில் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

பதிவு செய்யும்போது ‘சன்ரைஸ் வியூ ரூம்’ என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பனிமலைகளில் முக்கால்வாசி இருப்பது வடக்கில். லாங்டாங் லிருங் (7,200 மீட்டருக்கு மேல்) கிட்டத்தட்ட நேர் வடக்கு. அதற்கு வலப்புறம் டோர்ஜே லக்பா (6,966 மீ.), இன்னும் தள்ளிக் கிழக்கில் கௌரிசங்கர் (7,134 மீ.), இடப்புறம் வடமேற்கில் கணேஷ் ஹிமால். ஆனால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் உதிப்பது கிழக்குக்குத் தெற்கே. சூரியன் பனிமலைக்குப் பின்னாலிருந்து எழுவதில்லை. பக்கவாட்டிலிருந்து வந்து மலைமேல் ஒளி அடிக்கும். நமக்கு வேண்டியது அந்த ஒளி விழும் பக்கம். ‘வடக்கே பார்த்த ஜன்னல் உண்டா, மொட்டை மாடிக்குப் போகலாமா’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள், போதும். கூடவே வெந்நீர் சோலாரா, கேஸ் கீசரா என்றும் கேட்டுவிடுங்கள். சோலார் என்றால் மேகமூட்ட நாளில் குளியலை மறந்துவிட வேண்டியதுதான்.

பையில் என்ன

குறைவாக. ஐந்து கிலோ தாண்டினால் எதையாவது எடுத்து வெளியே வையுங்கள். மலையேற்றத்துக்கென்று விற்கும் கனமான பூட்ஸ் இந்தப் பாதைக்குத் தேவையில்லை. அடிப்பாகம் தேயாத ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். புது ஷூவை மட்டும் அன்றைக்குத் திறக்காதீர்கள். கம்பளிக் குல்லா, ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட். ஹோட்டல் அறைகளில் ஹீட்டர் இருக்கும் என்று எண்ண வேண்டாம், ரஜாய் என்கிற தடித்த போர்வைதான் இருக்கும். தண்ணீர் இரண்டு லிட்டர். நெற்றியில் கட்டும் ஹெட்லேம்ப் ஒன்று அவசியம். செல்போன் டார்ச் போதுமே என்பவர்கள் விடியற்காலையில் ஒரு கையில் போன், மறுகையில் கேமரா, பக்கத்தில் வியூ டவரின் இரும்பு ஏணி என்று நிற்கும்போது என்னை நினைத்துக்கொள்வார்கள்.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ். நேபாளப் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், ஒற்றையடிப் பாதைகளையும் காட்டும். கூகுள் மேப்ஸ் பெரும்பாலும் உங்களைத் தார்ச் சாலைக்கே இழுத்துக்கொண்டு போகும்.

அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. விமானத்தில் வருவதற்கு இந்த இரண்டில் ஒன்று வேண்டும், ஆதார் போதாது. அதையே கையில் வைத்திருங்கள். கோயில் நுழைவுச் சீட்டில் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குத் தனிக் குறைந்த கட்டணம் உண்டு, அட்டையைக் காட்டினால்தான் கிடைக்கும்.

சாங்கு நாராயண் வரை

காலை 7 மணிக்கெல்லாம் காத்மாண்டுவை விட்டுக் கிளம்புங்கள். பக்தபூர் 13 கி.மீ.; அங்கிருந்து கோயில் இன்னும் 6 கி.மீ. வடக்கே. பஸ்ஸில் மாறி மாறிப் போகலாம். இரண்டு மூன்று பேர் என்றால் பதாவ் அல்லது இன்டிரைவ் ஆப்பில் டாக்சி பிடித்துவிடுவதே நல்லது. அந்தப் பணத்தில் மிச்சமாகும் ஒன்றரை மணி நேரம் சாயங்காலம் உதவும்.

கோயிலுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த காத்மாண்டு பள்ளத்தாக்கின் ஏழு இடங்களில் இதுவும் ஒன்று. லிச்சவி அரசன் மானதேவன் கி.பி. 464-இல் பொறித்த தூண் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அதன் அருகில் மண்டியிட்டுக் கைகூப்பி நிற்கும் கருடன், பிராகாரத்தில் விசுவரூபம், திரிவிக்கிரமன், நரசிம்மன் என்று வரிசையாகச் சிற்பங்கள். கருடன் மேல் அமர்ந்த நாராயணனைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாகத் தோன்றினால், பையிலிருந்து நேபாளப் பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள்.

பார்த்து முடித்ததும் வந்த வழியே திரும்புங்கள். கோயில் முகட்டின் மேற்கு நுனியில் இருக்கிறது, நகர்கோட் கிழக்கில் இருக்கிறது. மறுபக்கத்து வாசல் வழியாகப் படியிறங்கினால் மனோகரா ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்வீர்கள். கிராமத் தெரு, பஸ் நிற்கும் இடம், அதைத் தாண்டி நேராகக் கிழக்கே.

முகட்டு நடை

இங்கிருந்து நகர்கோட் சுமார் 12 கி.மீ., நின்று நிதானித்து 4 முதல் 5 மணி நேரம். மொத்த ஏற்றம் 650 மீட்டர்தான். முதல் பாதி அகலமான மண் பாதை. பைன் மரங்கள், மக்காச்சோளக் கொத்துகள் தொங்கும் வீடுகள், அவ்வப்போது புழுதி கிளப்பிப் போகும் பைக். வழி சரிதானா என்று பார்க்க ஒரே சோதனை: இடப்பக்கம் கீழே மனோகரா ஆறும் ஸாங்கு ஊரும், வலப்பக்கம் கீழே பக்தபூரும் அதன் செங்கல் சூளைப் புகைபோக்கிகளும். இரண்டும் மாறி மாறிக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் முகட்டில்தான் இருக்கிறீர்கள். பதினைந்து நிமிடமாகத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் ஏதோ தவறிவிட்டது, திரும்புங்கள்.

தெல்கோட்: இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்

இரண்டு மணி நேரத்தில் தெல்கோட் வரும். டீக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் உண்டு. பருப்பு, சோறு, கீரை, ஊறுகாய் வைத்த தால் பாத் சாப்பிடுங்கள். மறுசோறு கேட்டால் சலிக்காமல் போடுவார்கள். அவசரம் என்றால் வாய்வாய் நூடுல்ஸ்.

சிக்கல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. பக்தபூரிலிருந்து நகர்கோட் போகும் தார்ச் சாலை இந்த இடத்தில் வந்து சேர்கிறது. அதுவரை மண் பாதையில் தனியாக வந்தவர்களுக்குச் சாலையைக் கண்டதும் ஒரு நிம்மதி. ‘நகர்கோட்’ என்று பலகை வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம், கால் தானாக அதில் திரும்பிவிடும். அப்புறம் முழுப் பிற்பகலும் பஸ்ஸின் டீசல் புகையைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரனுக்கு ஒதுங்கிக்கொண்டு ஏற வேண்டும். தூரமும் கூடிவிடும். ‘நகர்கோட் நடை ஒன்றும் பிரமாதமில்லை’ என்று சொல்பவர்களை விசாரித்தால் பெரும்பாலும் இங்கே சாலையைப் பிடித்தவர்களாகவே இருப்பார்கள்.

செய்ய வேண்டியது இது. கடையிலிருந்து எழும் முன் ஆப்பைத் திறந்து, சாலைக்கு மேலே காட்டுக்குள் ஏறும் புள்ளிக்கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். வெறுமனே ‘நகர்கோட்?’ என்றால் சாலையைத்தான் காட்டுவார்கள். அவர்களும் அதில்தானே போகிறார்கள். ‘நகர்கோட் ஹிட்னே பாட்டோ கதா?’ என்று கேளுங்கள், அதாவது நடக்கிற வழி எந்தப் பக்கம் என்று. ‘இதுதானே வழி?’ என்று கைநீட்டிக் கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். விருந்தாளி மனம் கோணக் கூடாது என்று ஆமாம் சொல்லிவிடுகிற மனிதர்கள் உலகில் எங்கும் உண்டு.

நடைபாதையும் ஓரிரு இடங்களில் சாலையைத் தொடும். தொட்டால் பதறாதீர்கள். சாலையில் சில அடி நடந்து, எதிர்ப்பக்கம் மேலே ஏறும் பாதை மறுபடி எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். புதிதாக ஜீப் பாதை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் போன வருடத்து வரைபடம் இந்த வருடம் கொஞ்சம் பொய் சொல்லும். குழப்பம் வந்தால் ஏறுகிற கிளையை எடுங்கள். தெல்கோட்டுக்குப் பிறகு ஏற்றம்தான் சரியான திசை.

மூன்று, நான்கு மணிக்குள் நகர்கோட் வந்துவிட்டால், வானம் திறந்திருக்கும் நாளில் சாயங்கால வெளிச்சத்திலேயே ஒரு முறை மலை தெரிந்துவிடும். அறைக்குள் போய்ப் படுத்துவிடாதீர்கள். காலையில் மேகம் வந்துவிட்டால் உங்களுக்குக் கிடைத்தது அது மட்டுமே.

விடியற்காலை

நேபாள நேரம் நம்முடையதை விட 15 நிமிடம் முன்னால். போனை விமானப் பயன்முறையில் போட்டு இந்திய நேரத்திலேயே வைத்திருந்தால், நீங்கள் ஐந்து மணி என்று எழுந்திருக்கும்போது அங்கே ஐந்தே கால். கடிகாரத்தைக் கையால் மாற்றிவிடுங்கள். சூரிய உதயம் அக்டோபர் கடைசியில் ஆறு மணி கடந்து வரும், ஜனவரியில் ஏழை நெருங்கிவிடும். முக்கால் மணி நேரம் முன்னதாக வெளியே நில்லுங்கள். சூரியன் வருவதற்கு முன்பே உயரமான சிகரங்களின் உச்சியில் நிறம் மாறத் தொடங்கிவிடும், பலர் அதைத் தூக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். பொதுவாக ஒன்பது, பத்து மணிக்குள் மேகம் ஏறி மூடிவிடும்.

வியூ டவர் போக வேண்டுமா? அது பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் 4 கி.மீ. தெற்கே இருக்கிறது. ஹோட்டலில் சொன்னால் கார் ஏற்பாடு செய்வார்கள். மேலே இரும்பு ஏணி, கூட்டம், செல்ஃபி வரிசை. எவரெஸ்டைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை இருந்தால் போங்கள். அது சுமார் 140 கி.மீ. தள்ளி, கிழக்கு அடிவானத்தில் ஒரு சின்ன முனை. யாராவது விரல் நீட்டிக் காட்டினால்தான் பிடிபடும். என் ஓட்டு ஹோட்டல் மொட்டை மாடிக்கு. கையில் சூடாக ஒரு டீயும் இருக்கும்.

திரும்பும் வழி

முழங்கால் ஒத்துழைத்தால் ஸாங்குவுக்கு நடந்து இறங்குங்கள், இரண்டரை, மூன்று மணி நேரம். ஊருக்கு மேலே வஜ்ரயோகினி கோயில் இருக்கிறது, அங்கிருந்து காத்மாண்டுவுக்கு பஸ்ஸும் கிடைக்கும். வலித்தால் நகர்கோட்டிலேயே பஸ் ஏறி பக்தபூர் கமல் விநாயக் நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள். பக்தபூரில் மண் கிண்ணத்தில் ஜூஜூ தௌ என்று எருமைத் தயிர் விற்பார்கள். இனிப்பாக இருக்கும், தயிர் சாதக்காரர்கள் முதல் வாய்க்கு முகம் சுளித்து இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள்.

பின்சேர்க்கை

வாசகர் ஒருவர் பஸ் நடத்துநரிடம் ‘சாங்கு’ என்று சொல்லி ஸாங்குவில் போய் இறங்கியிருக்கிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், நம் உச்சரிப்பில் ஒன்றாகவே விழும். ‘சாங்கு நாராயண் மந்திர்’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

பணம் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், நிலையான மாற்று விகிதம். 100 ரூபாய் நோட்டைக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். பெரிய நோட்டுகளை நம்பி மலையேறாமல் காத்மாண்டுவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். யாராவது விலை சொன்னால் ‘ஐ.சி.யா, என்.சி.யா’ என்று கேட்டுவிடுங்கள். இந்தியப் பணத்தையும் நேபாளப் பணத்தையும் அங்கே அப்படித்தான் பிரிக்கிறார்கள். டாக்சிக்காரரிடம் ஏறும் முன்பே கேட்பது உத்தமம்.

இலங்கையிலிருந்து எழுதிய அன்பருக்கு: சார்க் நாட்டவர் என்பதால் அந்த ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமில்லாமல் கிடைக்கும், காத்மாண்டு விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

வயதான பெற்றோரோடு வருபவர்கள் அவர்களை மதியம் பஸ்ஸில் நேராக நகர்கோட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் நடக்கலாம். சுந்தரிஜல், சிசாபானி வழியாக நடந்து வர முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும், ஆனால் அது சிவபுரி நாகார்ஜுன் தேசியப் பூங்காவுக்குள் நுழையும் பாதை, அனுமதிச் சீட்டு வேண்டும். ஓர் இரவில் முடிகிற கதையும் அல்ல.