ஏற்காட்டு முற்றத்துக்குக் கணப்பு: கல்லைப் பார்த்து எடுங்கள்

குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பை வாங்குவதென்றால், மெல்லிய தகரச் சட்டி பார்க்க அழகுதான். மலை ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். 3 மி.மீ. இரும்புத் தகடு, அடியில் மழைநீர் வடிய நாலைந்து துளை உள்ளதாக வாங்குங்கள்.

கட்டுவதென்றால் உள்விட்டம் 3 அடி, உயரம் ஓரடி போதும். உள்வரிசைக்கு ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்), ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) சாந்து. கீழ்வரிசையில் காற்றுக்கு மூன்று இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் புகைதான் மிஞ்சும். ஓடைக் கூழாங்கல் வேண்டவே வேண்டாம்! உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி, கல் வெடித்துச் சில்லு முகத்தில் தெறிக்கும். (சேலத்து மேக்னசைட் தாதுவில் செய்யும் செங்கல் உருக்காலை உலைக்கு, இதற்கு அது அநாவசியச் செலவு.)

சுவர், கிளை எதிலிருந்தும் 10 அடி தள்ளி வையுங்கள். சில்வர் ஓக், காபிக் கட்டை எதுவானாலும் கூரைக்கடியில் ஆறு மாதம் காய்ந்த பிறகே எரியுங்கள்.