ஓப்பன் ஆக்சஸ் என்றதும் கார்டை எடுக்காதீர்கள்

போன மாதம் பக்கத்துத் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியை ஒருவர் இன்வாய்ஸும் கையுமாக என் அறைக்கு வந்தார். ஏற்கப்பட்ட தன் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும்படி (அதுதான் ஓப்பன் ஆக்சஸ்) வெளியிட இதழ் கேட்ட தொகை 2,890 டாலர், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. "மேடம், ப்ராஜெக்ட் ஆர்டர்லயே ஓப்பன் ஆக்சஸ்னு போட்டிருக்கு. அதனாலதான் டிக் பண்ணினேன். இப்போ அக்கவுண்ட்ஸ்ல இதுக்கு ஹெட்டே இல்லைங்கறாங்க" என்றார். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

அவரை உட்காரச் சொன்னேன். பத்து வருடங்களுக்கு முன்னால் அதே கட்டத்தில் நானும் டிக் போட்டவள். இந்த மூன்று வருடங்களில் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நிறுவனப் பெயரைத் தப்பாக அடிப்பது, நிதி எண்ணைப் போட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவையெல்லாம் ஒரு மெயிலில் சரியாகிவிடும்.

காசு கட்டினால்தான் ஓப்பன் ஆக்சஸ் என்று நினைப்பது

நம் நாட்டில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் விதி, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை. டிபிடி, டிஎஸ்டி பணத்தில் செய்த ஆய்வு எல்லோரும் படிக்கும்படி திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2012-13 நிதியாண்டிலிருந்து பணம் வாங்கிய எல்லாருக்கும் பொருந்தும். எந்த இதழில் வெளியிடுவது என்பது உங்கள் விருப்பம். படிப்பவர்கள் பணம் கட்டும் சந்தா இதழில் வெளியிட்டாலும், ஏற்கப்பட்ட பிரதியை, அதாவது இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் கடைசிக் கோப்பை, களஞ்சியத்தில் (கட்டுரைகளை எல்லோரும் படிக்கும்படி சேமித்து வைக்கும் இணையத்தளம்) சேர்த்துவிட்டால் விதி நிறைவேறிவிடும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

இந்த ஒரு பத்தியைப் படிக்காமல்தான் லட்சக்கணக்கில் போகிறது.

தவறு நடக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது என்று மெயில் வருகிறது. ஒன்றரை வருடம் திருத்தித் திருத்தி அனுப்பிய களைப்பு, அன்றைக்கு ஒரே சந்தோஷம். மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தினால் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று ஓப்பன் ஆக்சஸ், இன்னொன்று சந்தா முறை. 'உங்கள் நிதி நிறுவனம் ஓப்பன் ஆக்சஸைக் கோரலாம்' என்ற வகையில் ஒரு வரியும் பக்கத்திலேயே இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் காசில்லாமலும் அந்த விதியை நிறைவேற்றலாம் என்பது அந்தப் பக்கத்தில் கண்ணில் படும்படி இருக்காது. இரண்டு கட்டங்களும் உள்ள இதழ் ஹைப்ரிட் வகை. இரண்டாவதை அழுத்தினால், தனியாகப் பக்கக் கட்டணமோ வண்ணப்படக் கட்டணமோ இல்லாதவரை, கட்டுரை இலவசமாகவே வெளிவரும்.

நான் முதல் கட்டத்தை அழுத்தினேன். 3,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய இரண்டு லட்சம். திட்டத்தின் சில்லறைச் செலவுகளுக்கான கன்டிஞ்ஜென்சியில் எடுக்கலாம் என்று நினைத்தேன். நிதி அலுவலகம் முடியாது என்றது. திட்டப் பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயனீட்டுச் சான்றிதழில் அந்தத் தொகையை எந்தத் தலைப்பிலும் காட்ட முடியவில்லை. பதிப்பகத்திலிருந்து மூன்று நினைவூட்டல்கள் வந்தன. கடைசியில் பி.எஃப்-இல் கடன் வாங்கிக் கட்டினேன். அந்தக் கடன் தீர இரண்டு வருடம் ஆனது. அந்த வருடம் என் ஆய்வக மாணவனுக்கு ஃபெலோஷிப் ஐந்து மாதம் தாமதமாக வந்தபோது, கைக்காசைக் கொடுத்து உதவ என்னிடம் எதுவும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது பணத்தால் மட்டுமல்ல. ஆய்வு நடப்பது அரசுப் பணத்தில். அதைப் படிக்கவும் அரசே சந்தா கட்டுகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அதில் உள்ள ஒரு ஹைப்ரிட் இதழுக்கு உங்கள் சம்பளத்திலிருந்தும் கட்டினால், ஒரே இதழுக்கு நாம் இரண்டு முறை கொடுக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் திட்டம் இப்போதைக்கு அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! உங்கள் கட்டுரையைத் தேடி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அவர்கள்தான். களஞ்சியத்தில் நீங்கள் போடும் அந்த ஒரு கோப்பு அவர்களுக்கானது. அதனால் காசு கட்டாதீர்கள் என்று சொல்லும் அதே மூச்சில், பிரதியைச் சேர்க்க மறக்காதீர்கள் என்றும் சொல்கிறேன்.

கட்டணம் வாங்கும் எல்லா இதழும் மோசமில்லை. முழுக்க ஓப்பன் ஆக்சஸாக நடக்கும் நல்ல இதழ்கள் உண்டு. திட்ட வரைவிலேயே அதற்கென்று பணம் கேட்டு வாங்கியிருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த முடிவைக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் எடுங்கள். ஏற்கப்பட்ட அன்று மாலை எடுக்காதீர்கள். தொகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 'நேச்சர்' இதழ் 2021-இல் இந்த வசதியைத் தொடங்கியபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ கேட்டது.

ஏற்கெனவே டிக் போட்டுவிட்டீர்களா? கட்டுரை இணையத்தில் ஏறுவதற்குள் அந்த இதழின் தயாரிப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 'தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன், சந்தா முறைக்கு மாற்றித் தாருங்கள்' என்று இரண்டே வரி போதும். வெளியான பிறகு எழுதினால் பெரும்பாலும் நடக்காது. அந்த உதவிப் பேராசிரியை என் மேசையில் உட்கார்ந்தே எழுதினார். மூன்றாவது நாள் இன்வாய்ஸ் ரத்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

ஏற்கப்பட்ட பிரதியைத் தொலைப்பது

சரி, களஞ்சியத்தில் எதைப் போடுவது? நிறைய பேர் இதழின் தளத்திலிருந்து இறக்கிய அழகான பிடிஎஃபைப் போட்டுவிடுகிறார்கள். சந்தா இதழ் என்றால் பொதுவாக அதற்கு அனுமதி கிடையாது. நீக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். போட வேண்டியது, நடுவர்கள் கேட்ட திருத்தங்களையெல்லாம் செய்து முடித்து நீங்கள் கடைசியாக அனுப்பிய உங்கள் வேர்டு கோப்பு. ஓரத்தில் வரி எண் இருக்கும், வரிகளுக்கு நடுவே நிறைய இடம் இருக்கும், படங்கள் கடைசியில் தனியாக இருக்கும், இதழின் சின்னம் இருக்காது. அதுதான் வேண்டும்.

டிபிடி-டிஎஸ்டி கொள்கை சொல்லும் கெடு, ஏற்கப்பட்டதிலிருந்து இரண்டு வாரம். வெளியாகும் தேதியிலிருந்து அல்ல. பதிப்பகம் தடைக்காலம் (குறிப்பிட்ட மாதங்கள் வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனை) வைத்திருந்தாலும் கோப்பை இப்போதே சேர்த்துவிட்டு, திறக்கும் தேதியை மட்டும் தள்ளி வைக்கலாம். களஞ்சிய மென்பொருளிலேயே அதற்கு இடம் இருக்கும். எந்த இதழ் எத்தனை மாதம் காத்திருக்கச் சொல்கிறது என்பதை பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பின் 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' தளத்தில் பார்க்கலாம். பழைய ஆட்களுக்கு அது ஷெர்பா ரோமியோ.

ஒரு மூத்த பேராசிரியர் ஓய்வு பெறும்போது அவருடைய கட்டுரைகளை எங்கள் களஞ்சியத்தில் ஏற்ற நினைத்தோம். முப்பத்தெட்டு கட்டுரைகளில் ஏற்கப்பட்ட பிரதி கிடைத்தது நான்கே நான்குக்கு. மற்றவையெல்லாம் எப்போதோ படிப்பை முடித்துப் போன மாணவர்களின் பழைய லேப்டாப்புகளில் போய்விட்டன. ஏற்பு மெயில் வந்த அன்றே அந்தக் கோப்பை உங்கள் பெயருக்கே ஒரு மெயிலில் இணைத்து அனுப்பி வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ரிசர்ச்கேட்டில் போட்டாச்சே என்று இருந்துவிடுவது

அது சமூக வலைத்தளம், களஞ்சியம் அல்ல. அமெரிக்க வேதியியல் சங்கமும் எல்செவியரும் அதன் மேல் 2017-இல் ஜெர்மனியில் வழக்கே போட்டன. நிறுவனக் களஞ்சியம் வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-இலேயே ஒன்றைத் தொடங்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள்.

உரிமத்தைப் படிக்காமல் சம்மதிப்பது

ஓப்பன் ஆக்சஸ் கட்டுரையை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்வதுதான் உரிமம். சிசி பை (கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்று) என்றால் உங்கள் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் எப்படியும் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும் சேர்த்து. சிசி பை-என்சி-என்டி என்றால் வியாபாரம் கூடாது, மாற்றியமைத்துப் பகிரவும் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றியமைப்பதில் அடக்கம். உங்கள் கட்டுரையை ஒரு பள்ளி ஆசிரியர் தமிழாக்கி வெளியிட நினைத்தால் தனியாக அனுமதி கேட்டாக வேண்டும். இது தெரிந்துதான் தேர்ந்தெடுக்கிறோமா?

கூட்டு ஆய்வில் அடுத்தவர் விதியைக் கேட்காதது

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்ஐஎச்) பணம் கொஞ்சம் கலந்திருந்தாலும் கேளுங்கள். 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அவர்கள் தடைக்காலமே தருவதில்லை. முன்பு 12 மாதம் இருந்தது.

இந்தியாவுக்குத் தள்ளுபடி உண்டு என்று நம்புவது

ஏழை நாடுகளுக்குக் கட்டணச் சலுகை தர, பெரிய பதிப்பகங்கள் பலவும் பின்பற்றும் ரிசர்ச்4லைஃப் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை.

மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று வரும் மெயில்

காசுக்காக எதையும் வெளியிடும் போலி இதழ்களின் வலை அது. அழித்துவிடுங்கள்.

ஆய்வேட்டை யோசிக்காமல் ஏற்றுவது

பிஎச்.டி. ஆய்வேட்டை மின்வடிவில் தர வேண்டும் என்பது யுஜிசி 2009-இல் கொண்டுவந்த விதி. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் அது எல்லோருக்கும் திறந்திருக்கும். நல்ல விஷயம். ஆனால் வேலையில் பேட்டன்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால், ஆய்வேடு திறந்த அன்றே பேட்டன்டுக்குத் தேவையான புதுமை போய்விடும். முதலில் பேட்டன்ட் விண்ணப்பம், அப்புறம்தான் பதிவேற்றம். ஆய்வேட்டைக் குறிப்பிட்ட காலம் மூடி வைக்கக் கேட்டுக் கடிதம் கொடுக்கவும் வழி உண்டு. வாய்மொழித் தேர்வுக்கு முன்பே வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி அந்தக் கடிதத்தை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.